கதையில் தொனி, மனநிலை, உரையாடல்: மும்பை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

தொனியும் மனநிலையும் ஒன்றுதானே? (மாட்டுங்கா)

இல்லை. சொல்பவர் விஷயத்தை எப்படிப் பார்க்கிறார் என்பது தொனி. படிப்பவருக்குள் எழுவது மனநிலை. இரண்டும் எதிரெதிராகவும் போகலாம். சாவு வீட்டில் வாடகை நாற்காலி எத்தனை, டீக்கு எவ்வளவு ஆச்சு என்று கணக்குச் சொல்லும் தொனியில் எழுதிப் பாருங்கள். படிப்பவருக்குத் தொண்டை அடைக்கும்.

சோகக் காட்சி எழுதினால் சினிமாத்தனமாகிவிடுகிறது. ஏன்? (தாராவி)

என்ன சோகம் என்று முடிவு செய்யாமல் எழுதுவதால்தான். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இதற்கு அருமையான கருவி. மெய்ப்பாடு, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சி, எட்டு; ஒவ்வொன்றும் பிறக்கும் இடம் நான்கு என்கிறது. அழுகைக்கு இளிவு (அவமானம்), இழவு (இழப்பு), அசைவு, வறுமை. 1982 மும்பை ஜவுளி மில் வேலைநிறுத்தத்தில் வேலை போன ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். வறுமை என்றால் காலி அரிசி டப்பா. இளிவு என்றால், அவர் தலையைக் கண்டதும் கடைக்காரர் கடன் நோட்டை மூடிவைப்பது. அசைவு, அதாவது முன்பு இருந்த நிலை குலைவது என்றால், ஷிஃப்ட் நேரத்துக்குத் தானாக விழித்து, போக இடமில்லாமல் பாயிலேயே உட்கார்ந்திருப்பது. ஒரு காட்சிக்கு ஒன்று போதும். நாலையும் கொட்டினால் நீங்கள் சொல்லும் சினிமாத்தனம் வந்துவிடும்.

வசனத்துக்குப் பின் 'கோபத்துடன் கேட்டாள்' என்று போடலாமா? (முலுண்ட்)

வசனத்தில் கோபம் இருந்தால் அது தேவையில்லை. இல்லாவிட்டால் அது காப்பாற்றாது.

“ஏன் இவ்வளவு லேட்?” என்று கோபத்துடன் கேட்டாள்.

இதையே மாற்றினால்:

“சாப்பாடு மூடி வச்சிருக்கு.” மடித்த துணியையே மறுபடி உதறி மடித்தாள்.

கேள்வியே போய்விட்டது, கோபம் கூடிவிட்டது. தமிழில் விளிச்சொல்லும் மரியாதை விகுதியும் பெரிய வசதி. இருபது வருஷமாக ‘டா’ போட்ட நண்பன் திடீரென்று “சொல்லுங்க” என்றால், உறவு முறிந்ததை விளக்க ஒரு பத்தி வேண்டாம்.

மும்பைக் கதையில் இந்தி எவ்வளவு கலக்கலாம்? (சயான்)

பேசுபவர் உண்மையில் மாறும் இடத்தில் மட்டும்: ஆட்டோக்காரரிடம், ஆபீஸில், கோபத்தில். அடைப்புக்குறிக்குள் பொருள் தராதீர்கள், அடுத்த செயலே சொல்லட்டும். “பானி ஆயா!” என்று கீழேயிருந்து குரல், அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். இது யாருக்குப் புரியாது?

தாத்தாவின் நெல்லைத் தமிழை அப்படியே எழுதலாமா? (தாராவி)

வினைமுடிவையும் இரண்டு மூன்று சொற்களையும் மட்டும் வையுங்கள்: ‘வந்தாவ’, ‘ஏல’. ஒவ்வொரு எழுத்தையும் உச்சரிப்புக்கு வளைத்தால் வாசகர் எழுத்துக்கூட்டிக்கொண்டு நிற்பார். பேத்திக்கு அந்த ‘வந்தாவ’ வேண்டாம். அவள் வகுப்பில் பேசும் இந்தி தமிழுக்குள் எட்டிப் பார்க்கட்டும். எழுதி முடித்ததும் பெயர்களை மறைத்துவிட்டு வசனங்களை உரக்கப் படியுங்கள். யார் பேசுவது என்று வீட்டிலுள்ளவர்களால் சொல்ல முடியாத வரிகளை மட்டும் திருத்தினால் போதும்.