இரவில் புரண்டு படுக்கவே முடியவில்லை, பெல்ட்டோடு தூங்கலாமா?

கேள்வி: எனக்கு இது 31-வது வாரம், முதல் குழந்தை. பகலில் எப்படியோ சமாளித்துவிடுகிறேன். இரவில் புரண்டு படுத்தாலே முன்பக்க இடுப்பெலும்பிலும் தொடை இடுக்கிலும் சுரீரென்று வலிக்கிறது. பாத்ரூம் போக எழுந்தால் முதல் நாலைந்து அடி வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. செக்கப்பில் சொன்னால் ‘இதெல்லாம் சகஜம்’ என்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர் சொல்லி, கர்ப்பிணிகள் இடுப்பில் கட்டும் பெல்ட் வாங்கினோம்; ராத்திரி முழுக்கக் கட்டிக்கொண்டுதான் படுக்கிறேன், பலன் இல்லை. மருந்துக்கடையில் ஒரு வலி மாத்திரை கொடுத்தார்கள். இன்னும் போடவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: அந்த மாத்திரையைப் போடாமல் வைத்திருக்கிறீர்களே, அதுவே பெரிய காரியம். அட்டையைத் திருப்பி மருந்தின் பெயரைப் படியுங்கள். டைக்ளோஃபெனாக், இபுப்ரொஃபென், அசெக்ளோஃபெனாக் என்று இருந்தால் தொடவே வேண்டாம். 20 வாரத்துக்குப் பிறகு இந்த வகை மாத்திரைகள் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைத்துவிடலாம். கடைசி மூன்று மாதங்களில் குழந்தையின் இதயத்தை ஒட்டிய ஒரு ரத்தக்குழாய் முன்கூட்டியே சுருங்கும் ஆபத்தும் உண்டு. வலிக்குத் தடவும் ஜெல்லிலும் இதே மருந்துகள் இருக்கும் என்பதால், அதையும் கேட்காமல் தடவாதீர்கள். கர்ப்பிணி என்று தெரிந்தும், எத்தனை வாரம் என்றுகூடக் கேட்காமல் மாத்திரையை எடுத்து நீட்டுகிறவரை என்னால் மன்னிக்கவே முடியாது. பெரும்பாலும் பாராசிட்டமால் போடலாம். ஆனால் எவ்வளவு, எத்தனை நாள் என்பதை உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். டாக்டர் எழுதித் தந்து ஏற்கெனவே போட்டுவரும் எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தவும் கூடாது.

அப்புறம் பெல்ட். படுக்கப் போகும்போது அதைக் கழற்றிவிடுங்கள். நிற்கும்போதும் நடக்கும்போதும் இடுப்பெலும்புகளைச் சேர்த்துப் பிடிக்கத்தான் அது. படுத்திருக்கும்போது அழுத்துவதும் வியர்ப்பதும்தான் மிச்சம். பலர் அதை வயிற்றின் மேலே கட்டுகிறார்கள். வயிற்றுக்குக் கீழே, தொடையெலும்பின் மேல்முனை பக்கவாட்டில் கையில் தட்டுப்படும் மட்டத்தில் வர வேண்டும். பெல்ட் உங்களுக்கு உதவுமா என்று வீட்டிலேயே பார்க்கலாம். சில விநாடிகள் மல்லாந்து படுத்து, ஒரு காலை நேராக ஒரு சாண் உயரம் தூக்குங்கள். கால் கனக்கும், வலிக்கும். இப்போது கணவர் இடுப்பின் இரண்டு பக்கமும் கைவைத்து உள்நோக்கி அழுத்தட்டும். மறுபடி தூக்குங்கள். லேசாகத் தெரிந்தால் பெல்ட் உதவ வாய்ப்பு உண்டு. வித்தியாசமே இல்லை என்றால் எத்தனை விலை கொடுத்து வாங்கினாலும் வீண்தான். யாருக்கும் இந்தச் சோதனையைச் செய்து பார்க்காமலே பெல்ட், விசேஷத் தலையணை, ‘கர்ப்பகால பேக்கேஜ்’ என்று தள்ளிவிட ஒரு கூட்டம் இருக்கிறது. நடுவில் கமிஷன் ஓடுகிறது. வலியில் தூங்காமல் இருப்பவர் எதைச் சொன்னாலும் வாங்குவார் என்பது அவர்களுக்குத் தெரியும். ‘விலகிய எலும்பைத் தட்டிச் சேர்க்கிறேன்’ என்று வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்துங்கள்.

எலும்பு எதுவும் கழன்றுவிடவில்லை. முன்பக்கம் இரண்டு இடுப்பெலும்புகளும் சேரும் இடத்தில் எல்லோருக்குமே சில மில்லிமீட்டர் இடைவெளி உண்டு. கர்ப்பத்தில் தசைநார்கள் இளகுவதால் அது இன்னும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடும். இரண்டு பக்கமும் சீராக அசையாதபோது, ஒரு காலில் பாரம் விழும் வேலை எல்லாம் வலிக்கும்: புரள்வது, படியேறுவது, நின்றபடி உள்ளாடை போடுவது. ஏறக்குறைய ஐந்தில் ஒரு கர்ப்பிணிக்கு இது வருகிறது. குழந்தைக்கு இதனால் கெடுதல் இல்லை.

சரி, ராத்திரிக்கு வருவோம். ஒருக்களித்துப் படுங்கள், 28 வாரத்துக்குப் பிறகு தூங்கப் போகும்போது அப்படிப் படுப்பதுதான் குழந்தைக்கும் நல்லது. நடுவில் விழித்துப் பார்த்தால் மல்லாந்து கிடக்கிறீர்களா? பதறாமல் மறுபடி ஒருக்களித்துக்கொள்ளுங்கள். முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைக்கச் சொல்லி எல்லோரும் சொல்லியிருப்பார்கள். அதில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. தலையணை முழங்காலோடு முடிந்துவிடும், மேல்கால் பாதம் கீழே தொங்கும். தொங்கினால் தொடை உள்பக்கம் திரும்பி, வலிக்கிற இடமே முறுக்கிக்கொள்ளும். முழங்காலிலிருந்து கணுக்கால் வரை ஒரே மட்டமாக வையுங்கள். ஒரு தலையணை போதாவிட்டால் இரண்டு. வயிற்றுக்குக் கீழே மடித்த துண்டு ஒன்று. உடம்பைச் சுற்றி வளைக்கும் பெரிய தலையணை அவசியமே இல்லை; புரளும்போது அதையும் சேர்த்துத் தூக்க வேண்டியிருக்கும்.

புரளும்போது கால் ஒரு பக்கம், தோள் ஒரு பக்கம் போகக் கூடாது. இரண்டு முழங்கால்களையும் மடக்கி ஒட்டவைத்து, நடுவில் இருக்கும் தலையணையை மெல்ல இறுக்கி, மூச்சை விட்டபடி தோள், இடுப்பு, முழங்கால் மூன்றும் உருளும் மரக்கட்டை மாதிரி ஒன்றாகத் திரும்பட்டும். எழும்போதும் அப்படியே: ஒருக்களித்து, இரண்டு பாதங்களையும் சேர்த்துக் கட்டிலுக்கு வெளியே இறக்கி, முழங்கையை ஊன்றி எழுந்து உட்காருங்கள். கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு, பிறகு நில்லுங்கள். முதல் அடிகள் சின்னதாக இருக்கட்டும்.

பகலில் அதிக நேரம் நின்றாலோ, ஒரு காலில் பாரம் போட்டாலோ, காலை அகட்டி உட்கார்ந்தாலோ ராத்திரி வலி ஏறும். உட்கார்ந்தபடியே உடை மாற்றுங்கள். அதற்காக நாள் முழுக்கப் படுக்கையில் கிடக்க வேண்டாம். தசை தளரும், காலில் ரத்தம் உறையும் வாய்ப்பும் கூடும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். மேலே சொன்னதெல்லாம் அசைந்தால் வலித்து, அசையாமல் இருந்தால் அடங்குகிற வலிக்கு. நீங்கள் அசையாமல் படுத்திருக்கும்போதே வலி வந்து, விட்டு, மறுபடி வருகிறதா? கடிகாரத்தைப் பாருங்கள். வயிற்றில் கைவைத்துப் பாருங்கள். வலியோடு வயிறு கல்லாக இறுகி, பிறகு தளர்கிறதா? இடைவெளி சீராக இருக்கிறதா, குறைந்துகொண்டே வருகிறதா? அப்படியானால் அது இடுப்பெலும்பு வலி அல்ல. 37 வாரத்துக்கு முன்பு அது குறைப்பிரசவ வலியாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், ‘சகஜம்’ என்று முன்பு சொன்னார்களே என்றும் தயங்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஏற்கெனவே இடுப்பு வலி இருப்பவர்தான் புது வலியையும் பழைய கணக்கில் சேர்த்துவிடுவார். அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். ரத்தக்கசிவு, நீர் கசிவு, காய்ச்சல், சிறுநீர் எரிச்சல், குழந்தையின் அசைவு குறைவது, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, எதுவானாலும் உடனே காட்டுங்கள்.

அடுத்த செக்கப்பில் ‘வலிக்கிறது’ என்று மட்டும் சொல்லாதீர்கள். எடை, ரத்த அழுத்தம், குழந்தையின் இதயத்துடிப்பு பார்த்ததும் அடுத்த பெயரைக் கூப்பிடும் இடத்தில் அந்த வார்த்தை யார் காதிலும் விழாது. ‘புரண்டு படுக்க முடியவில்லை, படியேற முடியவில்லை, பிசியோதெரபிக்கு எழுதிக்கொடுங்கள்’ என்று கேளுங்கள். நடையே நின்றுபோன பிறகு என்னிடம் அனுப்புகிறார்கள். வலி தொடங்கியதுமே அனுப்பியிருந்தால் சில பயிற்சிகளிலேயே பலருக்குத் தூக்கம் கிடைத்திருக்கும்.

இந்த வலிக்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. கடைசி வாரங்களில் மல்லாந்து சாய்ந்து, முழங்கால்களை எவ்வளவு அகட்டினால் வலிக்காமல் இருக்கிறது என்று அளந்து குறித்துவையுங்கள். பிரசவ அறையில் அந்த அளவைச் சொல்லி, முடிந்தவரை அதைத் தாண்டி அகட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதுகில் மரத்துப்போகும் ஊசி போட்டால் வலி தெரியாது என்பதால், அப்போது கூட இருப்பவர்தான் இதைக் கவனித்துச் சொல்ல வேண்டும்.