பம்பின் பேஸ் பிளேட்டுக்கு அடியில் கிரௌட் வெற்றிடம்: உடைத்து ஊற்றுவதா, துளையிட்டு நிரப்புவதா?

பம்ப் உட்காரும் இரும்புத் தகடான பேஸ் பிளேட்டைச் சுத்தியலால் தட்டியபோது மூன்று இடங்களில் உள்ளே காலியாக இருப்பதுபோல் ஓசை வருகிறது, தகட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் இடையே ஊற்றி இறுகிய கலவையான கிரௌட் முழுவதையும் உடைக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பம்பை ஓட்டிக்காட்டும் நாளும் நெருங்கியிருக்கும் என்றே நினைக்கிறேன். கிரௌட் கெட்டியாக இருந்தால் உடைக்க வேண்டியதில்லை; துளையிட்டு, நீர்போல் ஓடக்கூடிய எபாக்சி பிசினைச் செலுத்தி நிரப்பலாம். ஓர் ஆணியால் ஓரத்தைக் கீறிப் பாருங்கள். மாவாக உதிர்ந்தால் கலவையில் தண்ணீர் மிகுந்துவிட்டது என்று பொருள். அதை எந்தப் பிசினாலும் காப்பாற்ற முடியாது.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தொழிற்சாலையில் இதே வேலை என்னிடம் வந்தது. ஒலி மாறிய பரப்பைச் சாக்பீஸால் வரைந்து, நடுவில் ஒரே ஒரு துளையிட்டு, கிரீஸ் கன்னால் பிசினை அழுத்தினேன். உள்ளே இருந்த காற்று வெளியேற வழி வைக்கவில்லை. பிசின் போகாமல் கை இறுகியபோது, நிறைந்துவிட்டது என்று நம்பி மேலும் இரண்டு முறை அழுத்தினேன். மறுநாள் பம்பையும் மோட்டாரையும் இணைக்கும் கப்ளிங்கில், நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் டயல் கேஜை வைத்தபோது அலைன்மென்ட், அதாவது இரண்டின் தண்டுகளும் ஒரே நேர்கோட்டில் இருப்பது, போயிருந்தது. தகட்டைக் கான்கிரீட்டோடு பிணைக்கும் ஆங்கர் போல்ட்டுகளுக்கு இடையில் தகடு மேலே உப்பி, அப்படியே இறுகியிருந்தது. அந்தப் பகுதியை அறுத்தெடுத்து மீண்டும் ஊற்ற ஒன்பது நாள் ஆயிற்று.

அவ்வளவு தடித்த தகடு எப்படி எழும்பும் என்று சிலர் கேட்கக்கூடும். 50 சென்டிமீட்டருக்கு 50 சென்டிமீட்டர் வெற்றிடத்தில் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் கொடுத்தாலே இரண்டரை டன் விசை மேல்நோக்கித் தள்ளும். கிரீஸ் கன்னோ அதைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு அழுத்தம் தரவல்லது. ஆகவே ஒவ்வொரு வெற்றிடத்துக்கும் எதிரெதிர் ஓரங்களில் குறைந்தது இரண்டு துளைகள் இடுங்கள். ஒன்றில் காற்றை மெல்ல ஊதி மற்றதில் வருகிறதா என்று கையை வைத்துப் பாருங்கள். வரவில்லையென்றால் அவை இரண்டு தனி வெற்றிடங்கள். தகட்டின் மேல் டயல் கேஜ் நிறுத்தி, முள் 0.05 மில்லிமீட்டர் நகர்ந்தாலே நிறுத்திவிடுங்கள். எதிர்த்துளையில் பிசின் குமிழியின்றி வழியும்போது நிரப்புவது முடிந்தது. எண்ணெயோ ஈரமோ உள்ளே இருந்தால் பிசின் ஒட்டாது.

இது கட்டடத் தூணின் பேஸ் பிளேட் என்றால் கணக்கு வேறு. எவ்வளவு வெற்றிடம் பொறுக்கும் என்பதை வடிவமைத்த பொறியாளர்தான் சொல்ல வேண்டும்.

ஒன்றை மட்டும் மனத்தாங்கலோடு சொல்கிறேன். வெற்றிடம் வந்தால் எல்லோரும் கிரௌட் ஊற்றிய மேஸ்திரியையே ஏசுகிறார்கள். தகட்டில் காற்றுத் துளை வைக்காமல் அனுப்பியது வேறு யாரோ. கான்கிரீட்டைக் கொத்திச் சுத்தம் செய்ய நேரம் தராமல், இருபுறமும் ஒரே வேளையில் ஊற்றச் சொல்லி அவசரப்படுத்தியது நம்மைப் போன்ற மேற்பார்வையாளர்கள். ஒரே பக்கத்திலிருந்து, இடைவிடாமல் ஊற்றினால்தான் காற்று மறுபக்கம் தள்ளப்படும். அந்தத் தொழிற்சாலையில் கிரௌட் ஊற்றிய மேஸ்திரிக்கு இது என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது, நான்தான் கேட்கவில்லை.

பிசின் முழுவதும் இறுகியபின் அதே சாக்பீஸ் கோட்டுக்குள் மீண்டும் தட்டிப் பாருங்கள். ஓசை எங்கும் ஒன்றுபோல் கேட்டால் துளைகளை அடைத்து, அலைன்மென்ட்டைப் புதிதாக எடுங்கள். பழைய அளவுகளை நம்ப வேண்டாம்.