வக்கீலின் வணிக வழக்கு அனுபவத்தைச் சரிபார்க்க

உங்கள் அரிசி ஆலைக்குக் கும்பகோணம் வியாபாரி தர வேண்டிய 9 லட்சம் சரக்குப் பணத்தை வசூலிக்க வக்கீல் தேடுகிறீர்கள். 20 வருட வணிக வழக்கு அனுபவம் என்று ஒரு வக்கீல் சொன்னால், பார் கவுன்சில் (வக்கீல்களைப் பதிவு செய்யும் அமைப்பு) பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, நீதிமன்ற வழக்கு விவரங்களைக் காட்டும் இ-கோர்ட்ஸ் தளத்தில் தஞ்சாவூர் மாவட்டத்தில் வழக்கறிஞர் தேடலில் போட்டுப் பாருங்கள், நடத்திய வழக்குகள் தெரிந்துவிடும்.

நம் பக்கம் பலரும் பணமில்லாமல் திரும்பிய செக் வழக்கையே வணிக வழக்கு என்கிறார்கள். அது குற்ற வழக்கு. உங்கள் 9 லட்சம், 3 லட்சத்தைத் தாண்டுவதால், 2015 வணிக நீதிமன்றச் சட்டத்தில் வரும்.

"அந்தச் சட்டத்தின் 12ஏ பிரிவுக்கு என்ன செய்யப் போகிறோம்?" என்று வக்கீலிடம் கேளுங்கள். அவசர இடைக்கால உத்தரவு கேட்காத வழக்கில் முதலில் சமரசத்துக்குப் போயே ஆக வேண்டும், இல்லையென்றால் வழக்கே நிராகரிக்கப்படும். இது தெரியாதவரிடம் பில் கட்டைக் கொடுக்காதீர்கள்.

ஆனால் ஜூனியராக சீனியருக்கு உழைத்த வழக்குகள் அவர் பெயரில் காட்டாமல் போகலாம், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், சரக்குப் பணத்துக்குக் காலக்கெடு 3 ஆண்டுதான், பில் தேதியை இன்றைக்கே பாருங்கள்.