திருகோணமலைப் பாறை எரிமலைக் கல்லா?

வணக்கம். கன்னியா வெந்நீரூற்றுக்கு அருகில் எடுத்த பட்டை பட்டையான கல்லின் படத்தைப் பதிவிட்டு, "இங்கே எரிமலை இருந்ததென்று மகளின் பாடசாலை ஒப்படையில் எழுதலாமா?" என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அப்படி எழுத வேண்டாம். கன்னியாவின் ஏழு கிணறுகளிலும் உள்ள சூடு, மழைநீர் பாறைப் பிளவுகளின் வழியே ஆழத்துக்கு இறங்கிச் சூடேறி மீள்வதால் வருவது.

ஆனாலும் உங்கள் சந்தேகத்தில் ஓர் உண்மை இருக்கிறது. கல்லில் மிளகளவில் தெரியும் செம்பழுப்புப் புள்ளிகள் கார்னெட் என்ற கனிமமாக இருக்க வேண்டும்; அவை புவியோட்டின் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வளர்பவை. மாவட்டத்தின் தெற்கே, சேருவில பக்கமாக, இலங்கையின் பழைய பாறைப் பிரிவுகளான உயர்நிலத் தொகுதியும் விஜயன் தொகுதியும் சந்திக்கின்றன. விஜயன் பாறைகளிற் பெரும்பாலானவை ஏறத்தாழ 100 முதல் 110 கோடி ஆண்டுகளுக்கு முன் பாறைக்குழம்பாக இருந்து இறுகியவை. கடலடிப் புவியோட்டுத் தகடு இன்னொரு தகட்டின் கீழ் அமிழும் இடத்தில் எழும் குழம்பில் நையோபியம், தந்தாலம் என்ற உலோகத் தனிமங்கள் குறைந்திருக்கும், அந்த அடையாளம் இவற்றிலும் உண்டு. அதாவது எரிமலை வரிசையொன்றின் வேர்தான் மிஞ்சியிருக்கிறது. பின்னர், சுமார் 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன், கொண்டுவானா என்ற பண்டைய பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்தபோது இவ்விரு தொகுதிகளும் மோதி ஒட்டின.

இந்த வயதுகளைச் சொல்வது பாறையிலுள்ள சிர்கான் என்ற கனிமத்தின் சிறு மணிகளே. அவற்றுள் சிறைப்பட்ட யுரேனியம் 238, பாதியளவு ஈயமாக மாற 447 கோடி ஆண்டுகள் எடுக்கும். புல்மோட்டைக்குப் போனால் கடற்கரை மணலை மகளுக்கு உருப்பெருக்கிக் கண்ணாடியில் காட்டுங்கள். இல்மனைட் என்ற கரிய கனிமத்துக்கு நடுவே கண்ணாடித் துகள்போல் மின்னுபவற்றில் சிர்கானும் இருக்கும்.