ருமேனிய உடை, பல்கேரிய ஆட்டம்: எதை வைத்து அடையாளம் காண்பது?

"ருமேனியா, பல்கேரியா இரண்டின் நாட்டுப்புற உடையும் ஆட்டமும் ஒன்றுபோலவே தெரிகின்றன, எப்படிப் பிரித்தறிவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேலைக்காக வெளிநாட்டில் இருந்த நாட்களில் வாரம் ஒருமுறை பால்கன் (தென்கிழக்கு ஐரோப்பிய) வட்ட ஆட்டம் கற்றுக்கொண்டேன். அங்கே பழகியதை வைத்துச் சொல்கிறேன். உடை என்றால் தோளைப் பாருங்கள். ஆட்டம் என்றால் தாளத்தை எண்ணுங்கள்.

ருமேனியப் பெண்களின் வெள்ளைச் சட்டைக்கு 'இயே' என்று பெயர். தோளின் குறுக்கே அடர்த்தியான பூவேலைப் பட்டை ஒன்று இருக்கும். அதுதான் 'அல்திட்சா'. அந்தக் கோலம் சட்டையில் வேறெங்கும் திரும்ப வராது. அதற்குக் கீழே ஒரே நிற நூலில் ஒரு தையல் வரிசை. அதற்கும் கீழே கையின் நீளத்துக்கு இறங்கும் வரிகள். அவற்றை 'ஆறுகள்' என்கிறார்கள். தைப்பவரின் மொத்தத் திறமையும் ஒரு சாண் அகலத்தில் தெரிந்துவிடும். ருமேனியாவும் மால்டோவாவும் சேர்ந்து 2022-ல் இதை யுனெஸ்கோ பட்டியலில் ஏற்றின.

பல்கேரியாவின் பல பகுதிகளில் சட்டைக்கு மேல் 'சுக்மான்' என்ற கம்பளி அங்கி வரும். இடுப்பில் 'பஃப்தி' என்ற பெரிய உலோகக் கொக்கி. கண் முதலில் அங்கேதான் போகும்.

எனக்குப் பல்கேரியாவின் பெருமை அதன் தாளம்தான். ரச்செனிட்சா என்ற ஆட்டம் ஏழு எண்ணிக்கை (2+2+3): தக திமி தகிட. நம் கர்நாடக இசையின் ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபுவில் மூன்று முதலில் வரும், அங்கே கடைசியில். மிருதங்கம் கேட்டு வளர்ந்த என் கால் மூன்றை முதலிலேயே தேடியது. அது மாற மாதக்கணக்கானது. கொப்பனிட்சா என்ற ஆட்டம் பதினொன்று: தக திமி தகிட தக திமி. நடுவில் வரும் அந்த நீண்ட அடியில் உடம்பே ஒரு கணம் தொங்கி நின்று இறங்கும். ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக் இவ்வகைத் தாளங்களைப் 'பல்கேரியத் தாளம்' என்றே எழுதினார்.

ருமேனிய ஹோரா பெரும்பாலும் இரட்டைத் தாளம். மூடிய வட்டம், தோள் உயரத்தில் கோத்த கைகள், நிதான நடை. ஆனால் 'கலுஷ்' வேறு ரகம். பெந்தெகொஸ்தே என்ற கிறிஸ்தவத் திருநாளை ஒட்டிய நாட்களில் ஆண்கள் கையில் கோலும் காலில் சலங்கையுமாக வீடு வீடாகப் போய் ஆடுவார்கள். மோகினிகள் தீண்டியவரை இந்த ஆட்டம் குணமாக்கும் என்பது பழைய நம்பிக்கை. குழுவில் பேசாமலே வரும் ஊமை வேடக்காரர் ஒருவரும் உண்டு.

இரு நாட்டுக்கும் நடுவே ஓடும் டான்யூப் ஆற்றின் கரைக்குப் போனால் இந்த அடையாளங்கள் கலந்துவிடும். முன்னும் பின்னும் ஒவ்வொரு ஏப்ரன் கட்டும் வழக்கம் இரு கரையிலும் உண்டு. கலுஷ் வடக்கு பல்கேரியாவிலும் ஆடப்படுகிறது. ருமேனியாவின் தோப்ருஜா பகுதியில் ஆடும் ஜம்பராவை எண்ணிப் பாருங்கள், அதே தக திமி தகிட. அங்கே எடுத்த படம் என்றால் ஊர்ப் பெயரைக் கேட்காமல் நான் பதில் சொல்ல மாட்டேன்.