வனாந்தரத்தில் ஒரு குரல்

கேள்வி: விடுப்பு கேட்டு மேலாளருக்குப் பல முறை எழுதியும் பதில் இல்லை. கடைசிக் கடிதத்தில் 'ஐ ஆம் எ வாய்ஸ் இன் த வில்டர்னஸ்' என்று எழுதி வைத்திருக்கிறேன். அது இங்கே பொருந்தாது என்கிறார் உடன் வேலை செய்பவர். ஆங்கிலத்தில் இதை எப்போது சொல்வார்கள்?

பதில்: அவர் சொல்வதுதான் சரி. கடிதத்தை அனுப்பும் முன் அந்த வரியை அடித்துவிடுங்கள். கேட்டும் பலனில்லை என்பதற்கு ஆங்கிலத்தில் 'ஃபெல் ஆன் டெஃப் இயர்ஸ்' இருக்கிறது. செவிடன் காதில் ஊதிய சங்கு என்று நாம் சொல்வதும் ஏறக்குறைய அதுவே. ஆனால் மேலாளருக்கே எழுதும்போது அதுவும் வேண்டாம், அவரையே குத்திக்காட்டியதாகிவிடும். 'ஐ ஹேவ் நாட் யெட் ரிசீவ்ட் எ ரிப்ளை' என்று எழுதுங்கள், போதும்.

நீங்கள் எடுத்த தொடர் கனமானது. எல்லோரையும் பாதிக்கப்போகும் ஒன்றை முன்கூட்டியே கண்டு, கூட இருப்பவர்கள் ஏற்காதபோதும் தனியாக நின்று எச்சரிப்பவருக்கு உரியது. 1930களில் ஜெர்மனி ஆயுதம் குவிப்பதைப் பற்றி வின்ஸ்டன் சர்ச்சில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் திரும்பத் திரும்பப் பேசினார். சொந்தக் கட்சியிலேயே பெரும்பாலோர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1939 செப்டம்பரில் போர் மூண்ட பிறகுதான் அவரை அமைச்சரவைக்குத் திரும்ப அழைத்தார்கள். அவர் பதவியில்லாமல் இருந்த அந்த ஆண்டுகளை 'வில்டர்னஸ் இயர்ஸ்' என்றே வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. பதவி இழந்து ஒதுங்கியிருப்பதையும் அரசியல் எழுத்தில் 'இன் த வில்டர்னஸ்' என்பார்கள். குரலைப் பற்றிய தொடரோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தொடர் பிறந்த இடம் பைபிள். அதிலுள்ள மத்தேயு நற்செய்தியின் மூன்றாம் அதிகாரத்தில், ஒட்டக மயிர் உடையும் இடுப்பில் தோல்வாரும் அணிந்து, வெட்டுக்கிளியும் காட்டுத்தேனும் உண்டு யூதேயாவின் வனாந்தரத்தில் பிரசங்கம் செய்கிறார் யோவான் ஸ்நானகன். 'வனாந்தரத்திலே கூப்பிடுகிறவனுடைய சத்தம்' என்று பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசி ஏசாயா சொன்னது இவரைத்தான் என்கிறது மத்தேயு. 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பின் வழியாக அது ஆங்கிலப் பேச்சில் ஊன்றிவிட்டது.

எனக்கு இதில் தீராத ஆர்வம் உண்டு, ஏனென்றால் அந்தக் குரலை யாரும் கேட்காமல் இல்லை! இரண்டு வசனம் தள்ளிப் படியுங்கள்: எருசலேம் நகரத்தாரும் யூதேயா தேசத்தாரும் திரண்டு அவரிடம் போகிறார்கள். கேட்பாரற்ற குரல் என்ற பொருள் பின்னாளில் ஏறியது. ஏசாயா 40:3இன் எபிரேய வரியோ இன்னும் வேறு மாதிரி. கூப்பிடுகிற குரல் எங்கிருந்து வருகிறது என்று அங்கே இல்லை. வனாந்தரத்தில் வழியை ஆயத்தப்படுத்துங்கள் என்று அது சொல்வதாகவே இன்றைய மொழிபெயர்ப்புகள் பலவும் பிரிக்கின்றன. பாதை போட வேண்டிய இடமாக இருந்த வனாந்தரம், குரல் எழும் இடமாக மாறிப்போனது. வரியை நிறுத்திப் படிக்கும் இடம் மாறியதால் இத்தனை பெரிய மாற்றம்!

பயன்படுத்தும் முறை எளிது. 'ஷீ வாஸ் எ லோன் வாய்ஸ் இன் த வில்டர்னஸ்' என்று 'லோன்' சேர்த்து எழுதுவது இன்று அதிகம். 'வாய்ஸ் க்ரையிங் இன் த வில்டர்னஸ்' சற்றுப் பழைய நடை. இங்கே 'க்ரையிங்' உரக்கக் கூப்பிடுவது, அழுவது அல்ல. பிறரைப் பற்றிச் சொல்லும்போது இந்தத் தொடர் மரியாதை தரும். தன்னைப் பற்றியே சொன்னால் தற்பெருமையாக ஒலிக்கும். தானே தீர்க்கதரிசி என்று அறிவிப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: 'ரெய்ஸ் யுவர் வாய்ஸ்' என்றால் போராடச் சொல்வதா, கத்தச் சொல்வதா?

பதில்: பின்னால் வரும் சொல்லைப் பாருங்கள். 'அகெய்ன்ஸ்ட்' வந்தால் எதிர்ப்புக் குரல். 'அட்' வந்தால், ஒருவர் மேல் கோபத்தில் கத்துவது; 'டோன்ட் ரெய்ஸ் யுவர் வாய்ஸ் அட் மீ' என்பது கண்டிப்பு. தொலைபேசியில் எதிரில் இருப்பவர் பேசுவது காதில் விழவில்லை என்றால் இரண்டுமே வேண்டாம், 'குட் யூ ஸ்பீக் அப், ப்ளீஸ்?' என்று கேளுங்கள்.