வேலையை விட்டுவிட்டு 50 நாள் ஊர் சுற்றலாமா?

கேள்வி: வணக்கம் சார். எனக்கு 28 வயது. கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் சேர்ந்து நான்கு வருடம் ஐந்து மாதம் ஆகிறது. கையில் வரும் சம்பளம் 46,000 ரூபாய், அதில் அடிப்படைச் சம்பளம் 20,000. ஊரில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு மாதம் 12,000 அனுப்புகிறேன். அம்மாவுக்கு வயது 54, சர்க்கரை உண்டு. கல்விக் கடன் தவணை 5,500 இன்னும் ஒன்றரை வருடம் ஓடும். சேமிப்பு 2,60,000 ரூபாய், பி.எஃப். சுமார் 2,30,000. வரும் ஜூனில் வேலையை விட்டுவிட்டு, கோலாலம்பூரில் இறங்கி பினாங்கு, ஹாட் யாய், பாங்காக், சியெம் ரீப், புனோம் பென், ஹோ சி மின் நகரம், ஹோய் ஆன், ஹனோய், லுவாங் பிரபாங் என்று பஸ்ஸிலும் ரயிலிலுமே 50 நாள் சுற்ற ஆசை. வேலையில் இருக்கும்போதே 2 லட்சம் பெர்சனல் லோன் வாங்கிவிடு என்கிறாள் தோழி. பி.எஃப். பணத்தை எடுத்துக்கொள்ளலாமா என்றும் யோசிக்கிறேன். என் வசதிக்கு இது சரிப்படுமா?

பதில்: சரிப்படும். தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் ஜூனில் வேண்டாம், டிசம்பரில் கிளம்புங்கள். லோனும் வேண்டாம், பி.எஃப்.பும் வேண்டாம்.

டிசம்பர் என்று சொல்வதற்கு முதல் காரணம் நீங்கள் கேட்காமல் விட்ட ஒரு விஷயம், பணிக்கொடை. ஒரே நிறுவனத்தில் தொடர்ந்து ஐந்து வருடம் வேலை பார்த்தவருக்கு கிராஜுவிட்டி கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். உங்களுக்கு இன்னும் ஏழு மாதம்தான் பாக்கி. கடைசி அடிப்படைச் சம்பளத்தை (பஞ்சப்படி இருந்தால் அதையும் சேர்த்து) 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, அதை வருடங்களால் பெருக்குவதுதான் கணக்கு. 20,000 ரூபாய்க்கு ஐந்து வருடம் என்றால் குறைந்தது சுமார் 57,700 ரூபாய். ஜூனில் ராஜினாமா செய்தால் இந்தத் தொகையைக் கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுப்பது போல ஆகிவிடும். உங்கள் பயணச் செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இது.

பி.எஃப்.புக்கும் இதே ஐந்து வருடம்தான் எல்லை. அதற்குள் எடுத்தால் அந்தப் பணம் வரிக் கணக்கில் வரும். ஐந்து வருடம் முடிந்த பிறகும் அதைத் தொடாதீர்கள் என்றே சொல்வேன். 28 வயதில் எடுக்கும் 2,30,000 ரூபாய், 58 வயதில் நீங்கள் இழக்கும் பெரிய தொகை. அடுத்த வேலை கிடைத்ததும் கணக்கை அங்கே மாற்றிக்கொள்ளுங்கள்.

பெர்சனல் லோன் விஷயத்தில் உங்கள் தோழி நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் 2 லட்சத்தை 14 சதவீத வட்டிக்கு மூன்று வருடத்துக்கு எடுத்தால் மாதத் தவணை சுமார் 6,840 ரூபாய், வட்டி மட்டும் 46,000. ஏற்கெனவே இருக்கும் தவணையோடு சேர்த்தால் சம்பளமே இல்லாத மாதங்களில் 12,000 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும். ஹனோயில் உட்கார்ந்துகொண்டு ஐந்தாம் தேதிக்குக் கணக்கில் பணம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அந்தப் பயம் பயணத்தையே கெடுத்துவிடும்.

இப்படிப் பயணம் போகிறவர்கள் பெரும்பாலும் போகும் செலவை மட்டுமே கணக்குப் போடுகிறார்கள். திரும்பி வந்து முதல் சம்பளம் வாங்கும் வரைக்குமான செலவும் பயணச் செலவுதான். 50 நாள் என்பது கிட்டத்தட்ட இரண்டு மாதம். வந்தபின் வேலை கிடைக்க மூன்று மாதம் ஆகும் என்று வையுங்கள். மொத்தம் ஐந்து மாதத்துக்கு அம்மாவுக்கும் கல்விக் கடனுக்கும் 87,500. வந்தபின் மூன்று மாதம் உங்கள் சொந்தச் செலவு, கையைக் கட்டி இருந்தாலும் 30,000. இந்த 1,17,500 ரூபாயைப் புறப்படும் முன்பே தனிக் கணக்கில் போட்டு, அம்மாவுக்கும் கடனுக்கும் தானாகப் போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்துவிடுங்கள். பயணத்தில் கொண்டுபோகும் கார்டு எதுவும் அந்தக் கணக்கோடு இணைந்திருக்கக் கூடாது.

அடுத்து அம்மாவின் மருத்துவக் காப்பீடு. நீங்கள் குறிப்பிடவில்லை, ஆனால் அவர் உங்கள் நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் இருந்தால், நீங்கள் வேலையை விட்டதும் அவருக்கும் பாதுகாப்பு போய்விடும். சர்க்கரை இருக்கும் 54 வயதுக்காரருக்குப் புதிதாகப் பாலிசி எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் மூன்று வருடம் வரை இருக்கலாம். குழுக் காப்பீட்டிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள வழி இருக்கிறது. அப்படி மாறினால் இதுவரை கழிந்த காத்திருப்புக் காலத்துக்கும் கணக்கு உண்டு. ராஜினாமா கடிதம் கொடுப்பதற்கு முன்பே மனிதவளத் துறையிடம் இதைக் கேளுங்கள். இதற்கு 25,000 ரூபாய் ஒதுக்குகிறேன். தனிநபர் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. இல்லை என்பது ஓர் ஆறுதல்.

இனி பயணச் செலவுக்கு வருவோம். டாலருக்கு 90 ரூபாய், தாய்லாந்து நாணயமான பாட்டுக்கு 2.75 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு விமானம், ஹனோயிலிருந்து ஓரிடத்தில் மாறித் திரும்பும் விமானம், இரண்டுக்கும் 28,000. ஊர் விட்டு ஊர் போகும் ரயில், பஸ்ஸுக்கு 22,000. விசாக்களுக்கு 6,500. தங்க, சாப்பிட, உள்ளூரில் சுற்ற நாளுக்குச் சராசரி 2,000 வீதம் ஒரு லட்சம். மலேசியாவிலும் தாய்லாந்திலும் இந்தச் சராசரிக்குக் கொஞ்சம் மேலே போகும், லாவோஸிலும் வியட்நாமிலும் கீழே வரும். ஹாஸ்டலில் பொது அறைக் கட்டில் எடுத்து, தெருக்கடையில் சாப்பிட்டால் இது நடக்கும். பயணக் காப்பீட்டுக்கு 4,000, நுழைவுச் சீட்டுகளுக்கு 10,000, சிம், ஏ.டி.எம். கட்டணம், நாணயமாற்று நஷ்டத்துக்கு 7,000. மொத்தம் 1,77,500. எதிர்பாராததற்கு 17,500 சேர்த்தால் 1,95,000.

எல்லாவற்றையும் கூட்டினால் 3,37,500. இன்று இருப்பது 2,60,000. ஜூனில் கிளம்பினால், அதற்குள் ஒரு மாதம் 12,000 சேர்த்தாலும், 65,000 ரூபாய்க்கு மேல் துண்டு விழும். மாதம் 12,000 வீதம் ஏழு மாதம் சேர்த்தால் 84,000 வந்து, கையில் 3,44,000 இருக்கும். கணக்கு நேராகிவிடும். பணிக்கொடையை நான் இதில் சேர்க்கவே இல்லை. நிறுவனம் அதை 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்றாலும், கைக்கு வரும் முன் செலவுக்கு எழுதாதீர்கள். வேலை தேடும் காலம் நீண்டால் அது உதவும்.

பருவமும் டிசம்பருக்கே சாதகம். ஜூனில் தாய்லாந்து, லாவோஸ், வடக்கு வியட்நாம் எல்லாம் மழை. நவம்பரில் ஹாட் யாய் பக்கம் வெள்ளம் வரும், 2025 நவம்பரில் ஊரே மூழ்கியது. டிசம்பர் இரண்டாம் வாரம் கிளம்பினால் ஜனவரி கடைசிக்குள் வியட்நாமை முடித்துவிடலாம். அவர்களின் புத்தாண்டான டெட் பிப்ரவரியை ஒட்டி வரும்போது, நம் தீபாவளி மாதிரி ஊரே சொந்த ஊருக்குக் கிளம்பும். டிக்கெட் கிடைக்காது, விலையும் ஏறிவிடும்.

வழியில் ஒரு பெரிய மாற்றம் தேவை. தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் 2025 ஜூலையில் மோதல் வெடித்தது, தரைவழி எல்லையை மூடினார்கள், டிசம்பரில் மறுபடி சண்டை. பாங்காக்கிலிருந்து சியெம் ரீப்புக்குப் பஸ்ஸில் போகலாம் என்று நம்பி எதற்கும் பணம் கட்டாதீர்கள். என் யோசனை, இந்த முறை கம்போடியாவை விட்டுவிடுங்கள். அங்கோர் கோயில்களுக்கு மூன்று நாள் சீட்டு மட்டும் 62 டாலர், விசா 30 டாலர். அங்கோரை அவசரமாகப் பார்ப்பது அந்தக் கோயில்களுக்கு நியாயமில்லை, இன்னொரு தடவை அதற்கென்றே போங்கள்.

அதற்குப் பதில் வடக்கே ஏறுங்கள். கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த்துக்கு மின்சார ரயில், அங்கிருந்து படகில் பினாங்கு. அதே ரயில் பாதையில் படாங் பெசார் போனால், மலேசியா, தாய்லாந்து இரண்டின் குடிநுழைவு அலுவலகமும் ஸ்டேஷனுக்குள்ளேயே இருக்கின்றன. ஹாட் யாயிலிருந்து பாங்காக்குக்கு ஸ்லீப்பர் ரயில். பாங்காக்கிலிருந்து லாவோஸ் தலைநகர் வியஞ்சானுக்கு 2024 ஜூலை முதல் நேரடி இரவு ரயில் ஓடுகிறது. இந்த இரண்டு இரவும் அறை வாடகை மிச்சம். வியஞ்சானிலிருந்து லுவாங் பிரபாங்குக்கு முன்பெல்லாம் மலைப்பாதையில் ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் குலுங்க வேண்டும். 2021 டிசம்பரில் சீன ரயில் பாதை திறந்தபின் இரண்டு மணி நேரம்தான். அப்புறம் ஹனோய்க்கு பஸ், கிட்டத்தட்ட ஒரு நாள் பயணம், உடம்பைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். ஹோய் ஆன் போய்விட்டு ஹனோய்க்கே திரும்பி விமானம் ஏறலாம். ஹோ சி மின் நகரம் வரை இறங்கினால் செலவும் நாளும் கூடும், நானாக இருந்தால் விட்டுவிடுவேன்.

பட்டியல் இப்படிச் சுருங்குவது நல்லதுதான். ஊரில் தங்கும் நாளுக்குச் செலவு குறைவு, ஊர் மாறும் நாளுக்குத்தான் அதிகம். டிக்கெட், ஸ்டேஷனுக்கு டாக்சி, வழியில் வாங்கும் விலை கூடிய சாப்பாடு, இரவில் போய் இறங்கி அவசரத்தில் எடுக்கும் அறை. வியஞ்சானில் தங்காமல் ரயில் மட்டும் மாறிக்கொண்டு, பத்து ஊரை ஏழாக்கி, ஒவ்வொன்றிலும் கிட்டத்தட்ட ஒரு வாரம் இருங்கள். மூன்றாம் நாள்தான் உள்ளூர்க்காரர்கள் சாப்பிடும் கடை கண்ணில் படும். சைவம் என்றால் வியட்நாமில் 'chay' (சாய்) என்று எழுதிய பலகையைத் தேடுங்கள், மலிவாகவும் ருசியாகவும் இருக்கும்.

விசாவில் மலேசியாவும் தாய்லாந்தும் 2025-ல் இந்தியர்களை இலவசமாக விட்டன, ஆனால் இந்தச் சலுகைகள் அடிக்கடி மாறுவதால் டிக்கெட் போடும் வாரத்தில் அரசுத் தளத்தில் சரிபாருங்கள். இரண்டு நாட்டுக்கும் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்ப வேண்டும், அதற்குக் கட்டணம் கிடையாது. வியட்நாம் இ-விசா 25 டாலர். எந்த எல்லை வழியாக நுழைவீர்கள் என்று அதில் குறிப்பிட வேண்டும், பஸ் வேறு எல்லைக்குப் போனால் சிக்கல். நம் ஊர்ப் பாஸ்போர்ட்டுகளில் குடும்பப்பெயர் கட்டம் பலருக்குக் காலியாக இருக்கும், சிலருக்கு அப்பா பெயர் நீட்டி எழுதியிருக்கும். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத்துக்கு எழுத்து நிரப்புங்கள். எழுத்துப் பிழைக்காகக் கட்டணத்தை இரண்டாம் முறை கட்டியவர்களை எனக்குத் தெரியும். லாவோஸ் எல்லையில் கட்ட, கசங்காத டாலர் நோட்டு கொஞ்சம் வைத்திருங்கள்.

பணத்தை எடுத்துப்போவதில் இரண்டு கார்டு அவசியம், இரண்டையும் ஒரே பையில் வைக்காதீர்கள். ஒரு முறை வெளிநாட்டில் என் ஒரே கார்டை ஏ.டி.எம். விழுங்கிவிட்டது, மூன்று நாள் யார் யாரிடமோ கடன் வாங்கித்தான் சமாளித்தேன். நாணயமாற்றுக் கூடுதல் கட்டணம் இல்லாத கார்டாகப் பாருங்கள், சாதாரண கார்டில் இரண்டு முதல் மூன்றரை சதவீதமும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும் போகும். வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கி ஆப்பில் நீங்களே திறந்துவிட வேண்டும். தாய்லாந்து ஏ.டி.எம்.மில் ஒவ்வொரு தடவைக்கும் 220 பாட்டுக்குக் குறையாமல் பிடிக்கிறார்கள், கிட்டத்தட்ட 600 ரூபாய். ஆகவே பத்து நாளுக்கானதை ஒரே தடவை எடுங்கள். 'ரூபாயில் கணக்கிடவா' என்று இயந்திரம் கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள்.

பயணக் காப்பீடு எடுத்தாலும் வியட்நாமில் வாடகை ஸ்கூட்டர் ஓட்டாதீர்கள். நம் ஆர்.டி.ஓ. அலுவலகம் தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949 ஜெனிவா ஒப்பந்தப்படியானது. வியட்நாம் ஏற்பது 1968 வியன்னா ஒப்பந்த அனுமதியை. அதனால் அங்கே நீங்கள் உரிமம் இல்லாமல் ஓட்டுகிறவர்தான். விழுந்து கால் ஒடிந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கும், ஆஸ்பத்திரிப் பணம் முழுக்க உங்கள் தலையில்.

வேலையில்லாமல் இருப்பவர் என்று தெரிந்து, பாங்காக்கிலோ லாவோஸிலோ யாராவது 'டேட்டா என்ட்ரி வேலை, டாலரில் சம்பளம்' என்று பேசினால் அந்த இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அப்படி நம்பிப் போய் மியான்மர் எல்லையில் மோசடிக் கூடங்களில் சிக்கிய 500-க்கும் மேற்பட்ட இந்தியர்களை 2025 மார்ச்சில் விமானப்படை விமானத்தில் மீட்டு வந்தார்கள். தினமும் ஒரே நேரத்தில் அம்மாவுக்குப் போன் செய்யுங்கள், அடுத்த ஊரின் பெயரை முன்பே சொல்லிவிடுங்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று. உங்கள் பணிநியமனக் கடிதத்தை எடுத்து, சேர்ந்த தேதியைப் பாருங்கள். அதிலிருந்து ஐந்து வருடம் முடியும் நாளைக் காலண்டரில் குறித்து, கடைசி வேலை நாள் அதற்கு ஒரு வாரமாவது பின்னால் வரும்படி நோட்டீஸ் காலத்தைப் பின்னோக்கி எண்ணுங்கள். அந்தத் தேதியில் ராஜினாமா கடிதம் கொடுக்கலாம். அதற்கு முந்தைய நாள் மேலாளரிடம் போய், இரண்டு மாதம் சம்பளமில்லா விடுப்பு தருவீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். ஐந்து வருடம் உழைத்தவருக்கு ஆம் என்று சொல்லும் நிறுவனங்களும் இருக்கின்றன.